எழுத்துகளை நீக்கியபின் எஞ்சிய 2,129 வரிகள்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் சிறு கடையொன்றில் கைபேசிகளையும் கணினிகளையும் திருத்துவது என் தொழில். இவ்வருடம் பங்குனித் தொடக்கத்தில், விழுந்து உடைந்த கைபேசி ஒன்றுக்குப் புதிய திரை பொருத்திவிட்டு, தொடுகை சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வழக்கம்போல ஒரு படத்தை வட்ஸ்அப்பில் பகிரும் இடம்வரை கொண்டுபோனேன். அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை. விரலுக்குத் திரை ஒழுங்காகப் பதில் தருகிறதா என்பதே என் கவனம். ஆனால் பகிரும் பட்டியலின் உச்சியில் ‘அடிக்கடி தொடர்புகொண்டவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்கள் தோன்றின. ஒன்று உறவுமுறையோடு சேமிக்கப்பட்டிருந்தது. மற்றொன்று ஒரு வைத்தியரின் பெயர். மூன்றாவது, கடன் தவணை வசூலிக்க வருபவரின் பெயர் என்பது அது எழுதப்பட்டிருந்த விதத்திலேயே புரிந்தது. ஒரு செய்தியையும் நான் திறக்கவில்லை. ஆயினும் வெளியே வாங்கில் காத்திருந்த அந்த அம்மாவின் அண்மைக்காலம் எப்படிப்பட்டது என்பதை மூன்று வரிகளில் அறிந்துகொண்டுவிட்டேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்திகளையும் படங்களையும் பார்க்கக்கூடாது என்பதைத் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடாக வைத்திருப்பார்கள், நானும் வைத்திருந்தேன். செய்தியைப் பார்க்காதவரை ஒருவரின் அந்தரங்கத்தைத் தொடவில்லை என்றுதான் பதினைந்து ஆண்டுகளாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை சரிதானா என்பதை என் சொந்தக் கைபேசியிலேயே சோதித்துப் பார்ப்பதென்று தீர்மானித்தேன். சோதனையின் விதி ஒன்றுதான்: யார் என்ன பேசினார் என்பதை முற்றாக நீக்கிவிட வேண்டும், எந்த இலக்கம், எந்தத் திசை, எந்த நேரம், எத்தனை செக்கன் என்பவை மட்டும் எஞ்ச வேண்டும். செய்தியைச் சுற்றியிருக்கும் இந்த விபரங்களையே மீத்தரவு என்கிறார்கள். தொடங்குமுன் மனைவியிடமும் அம்மாவிடமும் சொன்னேன், ஏனெனில் என் கைபேசியில் இருக்கும் பதிவுகளில் பாதி அவர்களுடையவை.

டிசம்பர் 1 முதல் பெப்ரவரி 28 வரையான 90 நாள்களை எடுத்துக்கொண்டேன். காலபோக நெல் கதிர் தள்ளி, விளைந்து, வெட்டப்படும் காலம் அது. நத்தாரும் தைப்பொங்கலும் அதற்குள் வரும். அன்ட்ரொயிட் கைபேசியில் அழைப்புப் பதிவையும் குறுஞ்செய்திகளையும் காப்பெடுக்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்தினேன். அது எக்ஸ்எம்எல் வடிவில் இரண்டு கோப்புகளைத் தந்தது. அவற்றை இணையத்தோடு தொடர்பற்ற பழைய மடிக்கணினி ஒன்றுக்குக் கம்பி மூலம் மாற்றிக்கொண்டு, முதல் வேலையாகக் குறுஞ்செய்திகளின் உடற்பகுதி இருந்த நிரலையும் (அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் வரிசை) பெயர்கள் இருந்த நிரலையும் அழித்தேன். மிஞ்சியவை 1,904 அழைப்புகளும் 1,412 குறுஞ்செய்திகளுமாகும். குறுஞ்செய்திகளில் 1,187 மனிதர்கள் அனுப்பியவை அல்ல. வங்கி, தொலைபேசி நிறுவனம், வைத்தியசாலைக் கிளினிக், விளம்பரம் என்று பெயர் தாங்கி இயந்திரங்கள் அனுப்பியவை. அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். ஆக, மனிதருக்கும் மனிதருக்கும் இடைப்பட்டவை 2,129 வரிகள்.

இதே வேலையைச் செய்ய விரும்புவோருக்கு நான் தடுக்கி விழுந்த மூன்று இடங்களைச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு பிழையும் ஒரு மனிதரைப் பற்றிய பொய்யாக முடிந்தது. முதலாவது, விரிதாளில் (எக்செல் போன்ற அட்டவணைச் செயலியில்) கோப்பைத் திறந்தவுடன் தொலைபேசி இலக்கங்களை அது கணக்கு எண்களாக எடுத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் பூச்சியத்தை விழுங்கிவிட்டது. நீளமான வெளிநாட்டு இலக்கங்களைச் சுருக்கி, கடைசி இலக்கங்கள் தெரியாதபடி காட்டியது. உள்ளிடும்போதே அந்த நிரலை எழுத்து வகை என்று குறித்தால் இது நேராது. இரண்டாவது, ஒரே ஆளின் இலக்கம் ஓரிடத்தில் 077 என்றும் இன்னோரிடத்தில் +9477 என்றும் பதிவாகியிருந்தமையால், என் மனைவி இரண்டு ஆள்களாகப் பிரிந்து, பட்டியலில் நாலாவது இடத்திலும் ஐந்தாவது இடத்திலும் நின்றார். உள்நாட்டு இலக்கங்களில் கடைசி ஒன்பதை மட்டும் ஒப்பிட்டு இணைத்தபோது அவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார். 263 ஆகத் தோன்றிய ஆள்களின் தொகை 198 ஆகக் குறைந்தது. வெளிநாட்டு இலக்கங்களை முழுமையாகவே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது பிழைதான் என்னை அதிகம் திடுக்கிடச் செய்தது. கைபேசி நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிசெக்கன்களாகச் சேமிக்கிறது. அதை 86,400,000 ஆல் வகுத்து 25,569ஐக் கூட்டினால் விரிதாள் அதனைத் திகதியாகக் காட்டும். ஆனால் அப்படி வருவது கிரீனிச் நேரம். இலங்கைக்கு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். அதன் விளைவாக, முள்ளியவளையில் இருக்கும் அம்மா அதிகாலை 5.15க்கு எடுக்கும் அழைப்புகள் எல்லாம் முதல்நாள் இரவு 11.45க்கு வந்தவையாக நின்றன. யாரோ ஒருவர் மூன்று மாதங்களாக ஒவ்வொரு நள்ளிரவும் என்னை அழைக்கிறார் என்ற தோற்றம். கோயில் மணியும் சேவலும் கூடவே கேட்கும் ஓர் அழைப்பைக் கணக்குப் பிழையொன்று இரவு இரகசியமாக மாற்றிவிட்டிருந்தது. என் கோப்பு என்பதால் பார்த்தவுடன் பிழை தெரிந்தது. இன்னொருவரின் கோப்பாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

பிழைகளைத் திருத்திய பின்னர், ஒவ்வோர் இலக்கத்தையும் நீக்கி, அதற்குப் பதிலாக 1 முதல் 198 வரையான எண்களைக் குலுக்கிப் போட்டேன். நானே வாசித்தால் அது சோதனை ஆகாது. ஆகவே வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கின்ற, விடுமுறையில் கடைக்கு வந்து வேலை பழகும் தம்பி ஒருவரிடம் கோப்பைக் கொடுத்தேன். அவர் மடுப் பக்கத்தைச் சேர்ந்தவர். என் குடும்பத்தில் ஒருவரையும் அறியாதவர். நான்கு நிரல்கள் மட்டும் இருந்தன: ஆள் எண், திசை, நேரம், செக்கன். “அண்ணை, இதில என்னத்தை வாசிக்கிறது?” என்று கேட்டார். வாசிக்கக்கூடியதை வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். இரண்டு மாலைகள் எடுத்துக்கொண்டார்.

முதல் மாலையில் அவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தார். மொத்த அழைப்புகளில் ஏறத்தாழ 60 வீதம் பத்தே பத்து ஆள்களோடு என்பதைக் கண்டார். 214 அழைப்புகளோடு முதலிடத்தில் நின்ற ஆள் 112தான் எனது மிக நெருங்கிய நண்பர் என்று எழுதினார். உண்மையில் அவர் யாழ்ப்பாணத்தில் கைபேசி உதிரிப்பாகங்கள் மொத்தமாக விற்கும் வியாபாரி. இரண்டாம் மாலை அவரே அந்த முடிவை அழித்தார். 214இல் 171ஐ நானே எடுத்திருந்தேன். ஓர் அழைப்பின் சராசரி நீளம் 48 செக்கன். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் ஒன்றும் இல்லை. “இது தேவை அண்ணை, அன்பில்லை,” என்றார். அடிக்கடி பேசுவதும் நெருக்கமாக இருப்பதும் வேறுவேறு என்பதைக் கணக்கு தானாகச் சொல்லாது. எந்த மணியில், யார் தொடங்கி, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்லும்.

அதேபோல, மாசி நடுப்பகுதியில் ஒன்பது நாள்களுக்குள் 61 அழைப்புகள் நிகழ்ந்து, பத்தாம் நாளிலிருந்து ஒன்றும் இல்லாமற்போன ஆள் 9. தம்பி விவசாயி வீட்டுப் பிள்ளை ஆகையால் ஒரு கணமும் தயங்கவில்லை. “வெட்டு மெசின்காரர்” என்று எழுதினார். இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்கு இருக்கும் இரண்டு ஏக்கருக்கு இயந்திரம் எப்போது வரும், மழை வந்தால் என்ன செய்வது, வயலுக்குள் இறங்குமா இறங்காதா என்று அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு அந்த 61 வரிகளில் இருந்தது. ஆண்டு முழுவதற்குமான பட்டியலில் அந்த மனிதர் கீழேயே நின்றிருப்பார். மாசி மாதத்தில் அவரைவிட முக்கியமானவர் எனக்கு எவருமில்லை.

மனைவியை அவர் கண்டுபிடித்த விதம் என்னை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. ஆள் 57இன் 188 அழைப்புகள் மதியம் பன்னிரண்டரையை ஒட்டியும் மாலை ஆறை ஒட்டியும், இரு திசைகளிலும் ஏறத்தாழச் சமமாக, அரை நிமிடத்துக்கும் குறைவாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூட இல்லை. அந்த இல்லாமையைத்தான் தம்பி பிடித்துக்கொண்டார்: கடை பூட்டியிருக்கும் நாளில் அழைப்பே இல்லையென்றால், அன்றைக்கு அந்த ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். டிசம்பர் நடுவில் மட்டும் 11 நாள்களுக்கு, ஞாயிறு உட்பட, இரவு ஒன்பதுக்குப் பிறகு இருபது நிமிட அழைப்புகள் இருந்தன. “இந்தப் பதினொரு நாளும் நீங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில இல்லை,” என்று அவர் சொன்னபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மாமி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருந்தார். மனைவி அவரோடு நின்றார். அழைப்புகள் எங்கே இல்லை என்பதும் பதிவின் ஒரு பகுதிதான் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அம்மாவின் வரிகள் வேறு மாதிரி. வன்னியில் மிஸ்கோல் என்பது ஒரு முழுமையான மொழி என்பதை இங்கு வாழ்பவருக்கு விளக்கத் தேவையில்லை: ஒரு முறை அடித்து வைத்தால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு முறை என்றால் திருப்பி எடு, பள்ளிக்கூட வாசலில் நிற்கிறேன் என்று வீட்டுக்கு வீடு ஒவ்வோர் ஒப்பந்தம் இருக்கும். என் கோப்பில் பூச்சியம் செக்கன் அழைப்புகள் 418 இருந்தன. ஒட்டுக்கேட்டாலும் அவற்றில் கேட்பதற்கு எதுவும் இல்லை. பதிவு வேறு, பேச்சு வேறு என்று பிரிக்கவே முடியாத இடம் அது. அந்த வரியே செய்தி. அம்மா 83 நாள்கள் அதிகாலையில் ஒரு மிஸ்கோல் தந்திருக்கிறார்; 79 நாள்கள் நான் திருப்பி எடுத்து மூன்று நான்கு நிமிடம் பேசியிருக்கிறேன். மீள்நிரப்பும் காசை மிச்சம் பிடிக்கும் வயதான ஒருவர் என்று தம்பி எழுதினார். 90இல் எஞ்சிய 7 நாள்களும் தைப்பொங்கலை ஒட்டித் தொடர்ச்சியாக இருந்தமையால், அந்நாள்களில் அவர் எங்கள் வீட்டில் நின்றார் என்றும் எழுதினார். இரண்டும் சரி. நான் திருப்பி எடுக்காத அந்த நான்கு நாள்களும் எவை என்று அம்மாவைக் கேட்டேன். அவருக்கு நினைவிருந்தது.

இந்த இடத்தில் பொதுவில் நிகழ்ந்த சிலவற்றைக் குறிப்பிட வேண்டும். ஜேர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மால்டே ஸ்பிட்ஸ், தன்னைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் சேமித்து வைத்திருந்த ஆறு மாத விபரங்களை நீதிமன்றம் சென்று பெற்று, 2011இல் ஒரு பத்திரிகையின் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்க வெளியிட்டார். 35,830 வரிகள். அவற்றில் கைபேசி அலைக்கோபுரங்களின் இருப்பிடமும் இருந்தமையால், அவர் எந்தத் தொடருந்தில் எங்கே போனார் என்பதுவரை தெரிந்தது. என் கைபேசியின் பதிவில் கோபுர விபரம் இல்லை. நிறுவனம் வைத்திருக்கும் பிரதியில் இருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தாமாக முன்வந்த 800க்கும் மேற்பட்டோரின் இரண்டரை இலட்சத்துக்கு மேலான அழைப்புகளையும் 12 இலட்சத்துக்கு மேலான குறுஞ்செய்திகளையும், உள்ளடக்கம் இன்றியே ஆராய்ந்தார்கள். ஒருவருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கின்மை இருப்பதை, அவர் அழைத்த இடங்களைக் கொண்டே அவர்களால் அறிய முடிந்தது. நான் பயனற்றவை என்று ஒதுக்கிய 1,187 இயந்திரச் செய்திகளை அதன் பிறகே திரும்ப எடுத்துப் பார்த்தேன். அனுப்புநரின் பெயரையும் திகதியையும் மட்டும் வைத்துக்கொண்டு, எந்த வங்கி, எந்த நாளில் லீசிங் தவணை, எத்தனை கிழமைக்கு ஒரு முறை கிளினிக் என்று என் மகளே வரிசையாகச் சொன்னாள். மனிதர்களின் வரிகளுக்காவது ஊகம் தேவைப்பட்டது. இவற்றுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

தம்பியின் தாளில் ஒருவர் முற்றாகத் தவறிப்போயிருந்தார். கனடாவில் இருக்கும் அக்கா. அவர் சாதாரண அழைப்பில் வருவதில்லை, எல்லாம் வட்ஸ்அப்தான். எங்கள் வீட்டில் நடக்கும் ஒவ்வொன்றையும் அறிந்தவர் 2,129 வரிகளில் இரண்டே இரண்டு வரியாக இருந்தார். ஆகவே அக்காவோடான உரையாடலை வட்ஸ்அப்பிலிருந்து எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்து, எழுதியிருந்தவற்றை நீக்கி, நேரங்களை மட்டும் கோப்போடு சேர்த்தேன். இலக்கத்தையும் மறைத்தே கொடுத்தேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு, இவர் கனடாவின் கிழக்குப் பக்கத்திலோ அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்திலோ இருக்கிறார் என்றார். இலங்கை நேரம் காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை வரை அந்த ஆளிடமிருந்து ஒரு செய்தியும் வருவதில்லை. அது அவருடைய உறக்கம். ஞாயிறு மாலை ஏழரைக்கு நீண்ட உரையாடல் தொடங்குகிறது. ரொறன்ரோவில் அப்போது காலை ஒன்பது. ஒரு மனிதர் எப்போது உறங்குகிறார் என்பது அவர் பூமியின் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதைச் சொல்லிவிடும். வட்ஸ்அப் 2016 ஏப்ரலிலிருந்து செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடியவாறு மறையாக்கம் செய்கிறது. அது பெறுமதியான பாதுகாப்பு. ஆனால் பயனர்கள் மற்றவர்களோடு எப்போது, எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஊடாடுகிறார்கள் என்ற விபரங்களைச் சேகரிப்பதாக அதன் அந்தரங்கக் கொள்கையே கூறுகிறது. எவ்வளவு குறைவாகச் சேமிக்க முடியும் என்பதற்கு எதிர்ப்புறத்தில் ஓர் உதாரணம் உண்டு: 2016இல் அமெரிக்க நீதித்துறை ஒரு பயனரின் விபரங்களைக் கேட்டபோது, சிக்னல் என்ற செய்திச் செயலியை நடத்துபவர்களால் கொடுக்க முடிந்தவை கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. மற்றவற்றை அவர்கள் சேமித்திருக்கவில்லை.

பிழையான ஊகங்களும் இருந்தன. ஒட்டுசுட்டானில் இருக்கும் சின்னம்மாவின் இலக்கம் பகலில் அரை நிமிட அழைப்புகளும் இரவில் அரைமணி நேர அழைப்புகளுமாக இருந்ததால், தம்பிக்கு அது ஒரே மனிதராகத் தோன்றவில்லை. ஆனாலும் ஓர் இலக்கம் ஓர் ஆள் என்று படித்த பழக்கத்தில், மனநிலை மாறும் ஒருவர் என்று எழுதிவிட்டார். பகலில் சின்னம்மாவும் இரவில் அவருடைய மகனும் ஒரே கைபேசியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதே உண்மை. ஒரு வீட்டுக்கு ஒரு கைபேசி என்ற நிலை எங்கள் பக்கத்தில் இன்னும் முற்றாக மறையவில்லை.

மற்றொரு பிழையைப் பற்றி எழுதுவதற்கு நான் தயங்கினேன். ஆள் 140 என்று தாளில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டிருந்தார். கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, வேறு வேலை இருப்பதாகச் சொன்னார். வரிகளை நானே எடுத்துப் பார்த்தேன். 14 இரவுகள், எல்லாம் பத்து மணிக்குப் பிறகு, ஒவ்வொன்றும் இருபது முதல் முப்பத்தைந்து நிமிடங்கள், பகலில் ஒன்றும் இல்லை, பதினைந்தாம் இரவிலிருந்து முற்றாக நின்றுவிட்டது. அதில் நான்கு இரவுகள் மனைவி யாழ்ப்பாணத்தில் நின்ற 11 நாள்களுக்குள் விழுந்திருந்தன. அந்தத் தாளைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கதைதான் தோன்றும், எனக்கே தோன்றியது. உண்மை என்னவென்றால், என்னோடு படித்த ஒருவர் அந்நாள்களில் வாழ்க்கையே வேண்டாம் என்ற நிலையில் இருந்தார். இரவு ஏறினால் அவருக்குத் தனிமை தாங்காது. வைத்தியரிடம் போய் மருந்து பிடிக்கும்வரை ஒவ்வோர் இரவும் பேசுவதென்று நானும் மனைவியும் சேர்ந்து முடிவெடுத்திருந்தோம். எங்கள் பேச்சு யாருக்காவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கியிருக்கும். பேச்சை நீக்கிவிட்டு நேரத்தை மட்டும் வைத்திருப்பவரிடம் நான் என்ன சொல்லி நிரூபிப்பது? மறைப்பதற்கு எதுவும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த 14 வரிகளைத்தான் நான் காட்டுவேன். மீத்தரவு நடந்ததைச் சொல்லும். ஏன் நடந்தது என்பதைப் பார்ப்பவர் தானே இட்டு நிரப்பிக்கொள்வார், தன் மனதில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு.

அமெரிக்காவின் இரண்டு பெரிய உளவு நிறுவனங்களுக்குத் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மீத்தரவின் அடிப்படையில் தாங்கள் ஆள்களைக் கொல்வதாக 2014இல் ஒரு பொது விவாதத்தில் வெளிப்படையாகவே கூறினார். வன்னியில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது எனக்கு அம்மாவின் கொப்பிதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டுக்கு முதல் கைபேசி வந்தது 2010இல், மீள்குடியேறிய பிறகு. அதற்கு முன் உறவினரின் இலக்கங்களும் முகவரிகளும் ஒரு சிறிய கொப்பியில் இருந்தன. ஒவ்வோர் இடப்பெயர்விலும் அம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். 2009இல் கடைசியாக வெளியேறும்போது, அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து மண்ணுக்குள் புதைத்துவிட்டு வந்தார். அதில் பெயர்களும் எண்களும் தவிர வேறொன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. யாரையெல்லாம் எனக்குத் தெரியும் என்பதே கேள்வியாகும் காலம் ஒன்று வரக்கூடும் என்பதை அவர் எந்த ஆய்வையும் படிக்காமல் அறிந்திருந்தார்.

இனி, தம்பி கடைசியாக வாசித்தது. ஜனவரி 24 அதிகாலை 2.10க்கு ஆள் 31இடமிருந்து 38 செக்கன் அழைப்பு ஒன்று. அதைத் தொடர்ந்து நாற்பது நிமிடத்துக்குள் நான் எடுத்தவை ஆறு. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பிறகு எதுவும் இல்லை. 5.15க்கு அம்மாவின் மிஸ்கோல். நான் திருப்பி எடுத்தேன். அன்றைக்கு மட்டும் 11 நிமிடம். தம்பி விரலைத் திரையில் வைத்தபடி, “அண்ணை, இது மரணமா?” என்று கேட்டார். மல்லாவியில் இருந்த பெரியப்பா அன்றிரவு காலமானார். “இவவுக்கு மட்டும் நீங்கள் இரவில சொல்லேல்லை, விடியும்வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறியள்,” என்றார். ஆம். அம்மா வீட்டில் தனியே இருந்தார். பிறகு அவர் கோப்பைக் கீழே இழுத்து, பெப்ரவரி 22ஆம், 23ஆம் திகதிகளில் அதே ஏழு பேரும் மீண்டும் ஒன்றாக வருவதைக் காட்டினார். முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கு. அம்மாவையும் சேர்த்து அந்த எட்டு ஆள்களும் ஒரு குடும்பம் என்பதை ஓர் இலக்கமோ பெயரோ இன்றி அவர் அறிந்தது இந்த இரண்டு நாள்களை வைத்துத்தான். எங்கள் சடங்கு நாள்களை அறியாத ஒருவர் வாசித்திருந்தால் இந்த முடிச்சு அவருக்கு அவிழ்ந்திருக்காது. எங்களோடு வாழ்பவருக்கு அது ஒரு நொடி வேலை.

இதன் பிறகு செய்தவை. கைபேசியின் அனுமதிகள் பகுதியில் அழைப்புப் பதிவையும் குறுஞ்செய்தியையும் பார்க்கும் உரிமை எந்தெந்தச் செயலிகளுக்கு உண்டு என்று பார்த்தேன். ஏழு இருந்தன, அழைப்பு, குறுஞ்செய்தி ஆகியவற்றுக்கான செயலிகளைத் தவிர மற்றவற்றுக்கு நிறுத்தினேன். அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலி ஒன்றை முழுவதுமாக நீக்கினேன். 2018இல் ஃபேஸ்புக்கிலிருந்து தங்கள் விபரங்களைத் தரவிறக்கிய பலர், அன்ட்ரொயிட் கைபேசியின் அழைப்பு, குறுஞ்செய்திப் பதிவுகள் ஆண்டுக்கணக்கில் அங்கே இருப்பதைக் கண்டார்கள். அனுமதி தந்தவர்களிடமிருந்தே எடுத்ததாக நிறுவனம் கூறியது. அதன் பின்னர் கூகிள் தன் களஞ்சியத்தில் உள்ள செயலிகளுக்கு அந்த அனுமதியை 2019இலிருந்து பெருமளவு கட்டுப்படுத்தியது. ஆயினும் பழைய கைபேசிகளிலும், வெளியிலிருந்து நிறுவும் செயலிகளிலும் அது இன்னும் கிடக்கிறது. கூகிள் கணக்கில் காப்பெடுக்கும் வசதியை இயக்கியிருந்தால் அழைப்பு வரலாறும் சேர்ந்தே போகும் என்பதையும் கவனிக்க வேண்டும். தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கும் பிரதியை நாம் எதுவும் செய்ய முடியாது.

கடையில் மாற்றியவை இன்னும் எளியவை. திரையைச் சோதிக்க இப்போது நான் எவருடைய வட்ஸ்அப்பையும் தொடுவதில்லை. பெரும்பாலான சாம்சுங் கைபேசிகளில் அழைக்கும் இடத்தில் *#0*# என்று அழுத்தினால் நிறம், தொடுகை, ஒலி எல்லாவற்றையும் சோதிக்கும் பட்டியல் வரும், அது போதுமானது. சாம்சுங் 2022இல் கொண்டுவந்த பராமரிப்புப் பயன்முறையும், கூகிள் பிக்சலில் 2023 டிசம்பரில் வந்த திருத்தப் பயன்முறையும், உரிமையாளரின் தொடர்புகளையும் செய்திகளையும் பதிவுகளையும் திருத்துபவர் காணாதபடி மூடிவிடுகின்றன. கைபேசியைத் தருமுன் உரிமையாளரே அதை இயக்கிவிட்டுத் தர வேண்டும். தெரியாதவருக்கு முன்னால் வைத்தே காட்டிக்கொடுக்கிறேன். அந்த வசதி இல்லாத கைபேசியென்றால் உரிமையாளரை உள்ளே அழைத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சோதிக்கிறேன். திரை மாற்றிய அந்த அம்மா கைபேசியை வாங்க வந்தபோது, மூன்று பெயர்கள் என் கண்ணில் பட்டன என்பதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, பகிரும்போது பெயர்கள் மேலே வராமல் செய்ய முடியுமா என்று கேட்டார். கைபேசியின் பகிர்வுப் பட்டியலில் வருவதை அமைப்புகளில் நிறுத்திக் கொடுத்தேன். வட்ஸ்அப்பின் உள்ளே வருவதை நிறுத்த முடியவில்லை என்பதையும் சொன்னேன்.

தம்பியின் தாளை அவரே கிழித்தார். மடிக்கணினியில் இருந்த கோப்புகளையும், இலக்கங்களுக்கும் எண்களுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலையும் அழித்து, வன்தட்டை முழுவதுமாக மேலெழுதினேன். அழிப்பதற்கு முன், ஜனவரி 24இன் அந்த ஏழு வரிகளையும் அம்மாவுக்குத் திருப்பி எடுத்த ஒரு வரியையும் மட்டும் ஒரு கொப்பியில் பேனாவால் எழுதிவைத்தேன்; இலக்கங்கள் இல்லாமல், நேரத்தையும் உறவுமுறையையும் மட்டும்.